குமுளி மலை ஏறும் ஸ்கூட்டருக்கு ‘சாலிட் ஸ்டேட்’ பேட்டரி: வாங்கலாமா, பொறுக்கலாமா?

கேள்வி: தேனி மாவட்டம் கூடலூரில் வீடு, குமுளியில் காய்கறிக் கடை. தினமும் விடியற்காலையில் ஒரு மூட்டைக் காயோடு எலக்ட்ரிக் ஸ்கூட்டரில் மலை ஏறுகிறேன். வண்டிக்கு மூன்று வயது. 48 வோல்ட், 2 யூனிட் பேட்டரி, சார்ஜரில் 54.6 வோல்ட் என்று போட்டிருக்கிறது. முன்பெல்லாம் போய்வர ஒரே சார்ஜ் போதும். இப்போது மேலே சேரும்போதே பாதிக்குக் கீழே போய்விடுகிறது, பேட்டரிப் பெட்டியில் கை வைத்தால் சுடுகிறது. டவுனில் ஒரு கடைக்காரர், ‘சாலிட் ஸ்டேட் பேட்டரி, தீயே பிடிக்காது’ என்று ஒன்றைக் காட்டுகிறார். அதன் மேல் 51.2 வோல்ட் என்று ஒட்டியிருக்கிறது. பக்கத்துக் கடைச் சேட்டனோ, ‘இரண்டு வருஷம் பொறுங்கள், எல்லா வண்டிக்கும் சாலிட் ஸ்டேட் வந்துவிடும்’ என்கிறார். எதைக் கேட்பது? இரவில் மாடிப்படிக்கு அடியில்தான் சார்ஜ் போடுகிறேன், வீட்டில் பயப்படுகிறார்கள்.

பதில்: கடைக்காரர் பேச்சையும் நம்ப வேண்டாம், சேட்டன் பேச்சுக்காகக் காத்திருக்கவும் வேண்டாம்.

முதலில் அந்த 51.2. இப்படிப்பட்ட பெட்டிக்குள் 16 செல் வரிசைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருக்கும். அதை 16-ஆல் வகுத்துப் பாருங்கள், 3.2 வரும். ஒரு செல்லுக்கு 3.2 வோல்ட் என்றால் அது லித்தியம் அயர்ன் பாஸ்பேட், கடைகளில் ‘எல்எஃப்பி’ என்கிறார்களே, அதுதான். நல்ல சரக்கு, உங்கள் வேலைக்கு நானே அதைத்தான் சொல்லியிருப்பேன். பொய்யாக இருப்பது மேலே ஒட்டிய பெயர். அந்த எண் நேர்முனையில் என்ன பொருள் என்பதைத்தான் சொல்லும், நடுவில் திரவமா திண்மமா என்று சொல்லாது. ஆனால் டவுன் கடையில் ஸ்கூட்டருக்கு விற்கும் பெட்டிக்குள் திரவம்தான் இருக்கும் என்று தாராளமாகப் பந்தயம் கட்டுவேன். செல்போனில் இருக்கும் ‘லித்தியம் பாலிமர்’ பேட்டரியைக்கூடச் சிலர் திண்மம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அதற்குள்ளும் திரவமோ கூழோதான்.

அப்படியானால் உண்மையான சாலிட் ஸ்டேட் எது? லித்தியம் பேட்டரியில் இரண்டு முனைகளுக்கு நடுவே லித்தியம் அயனிகள் போய்வர ஒரு ஊடகம் வேண்டும். அதற்குப் பெயர் எலக்ட்ரோலைட், தமிழில் மின்பகுளி. 1991-ல் சோனி முதல் லித்தியம் அயான் பேட்டரியைச் சந்தைக்குக் கொண்டுவந்த நாளிலிருந்து இன்று வரை, பெரும்பாலும் அது கரிமக் கரைப்பானில் கரைத்த லித்தியம் உப்பு. எளிதில் தீப்பற்றும் திரவம். உங்கள் வீட்டாரின் பயத்துக்கு வேர் அங்கேதான். அந்தத் திரவத்தை எடுத்துவிட்டு, அயனியை மட்டும் தன் வழியே விடும் ஒரு திடப்பொருளை வைத்தால் அது சாலிட் ஸ்டேட். தீ அபாயம் குறையும். இப்போது எதிர்முனையில் இருக்கும் கிராஃபைட் கரிக்குப் பதில் லித்தியம் உலோகத்தையே எதிர்முனையாக வைக்கவும் வழி பிறக்கும். கிராமுக்கு கிராஃபைட் 372 மில்லி ஆம்பியர் மணி மின்னூட்டம் தாங்கும்; லித்தியம் உலோகம் 3,860. எல்லாரும் இதன் பின்னால் ஓடுவது அதற்காகத்தான்.

கல் மாதிரி இருக்கும் பொருளுக்குள் அயனி எப்படி ஓடும் என்று கேட்பீர்கள். ஓடும். படிகத்துக்குள் அணுக்களுக்கு இடையே காலி இடங்கள் உண்டு, லித்தியம் ஒன்றிலிருந்து அடுத்ததற்குத் தாவும். இதில் நம்மவர் கதை ஒன்று இருக்கிறது. லித்தியம், லாந்தனம், சிர்கோனியம், ஆக்சிஜன் சேர்ந்த கார்னெட் வகைப் பீங்கான் ஒன்று அயனியை நன்றாகக் கடத்துகிறது என்று 2007-ல் உலகுக்குச் சொன்ன மூவரில் இருவர் முருகன், தங்கதுரை. மூன்றாமவர் ஜெர்மனியின் வெப்னர். முருகன் பிறகு புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் அந்த ஆய்வைத் தொடர்ந்தார். இன்று உலகமெங்கும் ஆய்வகங்களில் அரைத்துச் சுடும் பீங்கான் வில்லைகளில் பெரும்பகுதி அந்தக் குடும்பம்தான். திரவத்தின் கடத்துதிறனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்குதான் அதற்கு. ஆனால் 2011-ல் ஜப்பானில் கன்னோ குழுவினர் காட்டிய ஒரு சல்ஃபைடு, அதாவது கந்தகம் சேர்ந்த திடப்பொருள், அறை வெப்பத்திலேயே திரவத்துக்குச் சமமாக ஓடியது.

ஆக, அயனியை ஓடவைப்பது இப்போது பெரிய பாடில்லை. ஒட்டவைப்பதுதான் பாடு. தண்ணீர் எந்தச் சந்திலும் புகுந்து நனைக்கும். செங்கல் மேல் செங்கலை வைத்தால் நாலு புள்ளியில்தான் தொடும், நடுவில் சாந்து வேண்டும். திட மின்பகுளிக்கும் முனைக்கும் இடையே அதே சிக்கல். போதாததற்கு முனை ஓரிடத்தில் நிற்பதும் இல்லை. சதுர சென்டிமீட்டருக்கு 4 மில்லி ஆம்பியர் மணி ஏற்றினால், லித்தியம் உலோகம் சுமார் 20 மைக்ரான் தடிமன் படியும். இறக்கினால் அவ்வளவும் கரையும். தலைமுடியின் கனத்தில் கால்வாசி இருக்கும். தினமும் மேலும் கீழும் அசையும் சுவரோடு ஒரு பீங்கான் தகடு ஒட்டியே இருக்க வேண்டும் என்றால் எப்படி? விட்டுப்போன இடத்தில் மின்தடை ஏறும், தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் மின்னோட்டம் குவியும். குவிந்த இடத்தில் லித்தியம் முள்ளாக வளரும். கத்தியால் வெட்டக்கூடிய மெத்தென்ற உலோகம், கடினமான பீங்கானை என்ன செய்துவிடும் என்றுதான் ஆரம்பத்தில் நம்பினார்கள். கோபுரச் செங்கல் இடுக்கில் முளைத்த அரசங்கன்றைப் பார்த்தவர்கள் அப்படி நம்பமாட்டார்கள். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பில் புகுந்து, பிளந்துகொண்டே போய் மறுமுனையைத் தொட்டுவிடும். தொட்டால் ஷார்ட் சர்க்யூட்.

மற்ற வகைகளுக்கும் ஆளுக்கொரு குறை. சல்ஃபைடு மிருதுவானது, அழுத்தினால் நன்றாக ஒட்டும். ஆனால் ஈரக்காற்று பட்டால் அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு, அதாவது விஷவாயு, கிளம்பும். தொழிற்சாலையில் காற்றை உலர்த்திய அறைக்குள் வைத்துத்தான் செய்ய முடியும். குமுளிச் சாரலில் ஒரு பெட்டி கீறல் விட்டால் என்ன ஆகும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் போன்ற திட மின்பகுளி கொண்ட பாலிமர் வகை சாலைக்கே வந்துவிட்டது. பாரிஸில் 2011 முதல் 2018 வரை ஓடிய வாடகை எலக்ட்ரிக் கார்களில் அதுதான் இருந்தது. ஆனால் அறுபது டிகிரிக்கு மேல் சூடாக வைத்திருந்தால்தான் அது ஒழுங்காக வேலை செய்யும். மார்கழிப் பனியில் நிறுத்தி வைத்த ஸ்கூட்டருக்கு யார் கணப்பு மூட்டுவது? சீனாவில் சில கார்களில் கொஞ்சம் திரவமும் சேர்ந்த ‘பாதித் திண்மம்’ வந்திருக்கிறது. டொயோட்டா முழுத் திண்ம பேட்டரியோடு 2027-28 வாக்கில் கார் தருவதாகச் சொல்லியிருக்கிறது. அதுவும் விலையுயர்ந்த கார்களில் ஆரம்பித்துத்தான் கீழே இறங்கும். உங்கள் ஸ்கூட்டருக்கு இரண்டே வருஷத்தில் என்பது ஆசை.

சரி, உங்கள் வண்டிக்கு வருவோம். வண்டி, நீங்கள், மூட்டை எல்லாம் சேர்த்து 250 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மலையடிவார லோயர் கேம்பிலிருந்து குமுளிக்கு ஏறக்குறைய 500 மீட்டர் ஏறுகிறீர்கள். அந்த எடையை அவ்வளவு உயரம் தூக்க மட்டும் 0.34 யூனிட் வேண்டும். மோட்டாரில் வீணாவது, டயர், காற்று எல்லாம் சேர்த்தால் அரை யூனிட்டைத் தாண்டும். புது 2 யூனிட் பேட்டரிக்கு இது தூசு. ஆனால் கொண்டை ஊசி வளைவுகளில் 40 ஆம்பியர் இழுத்துக்கொண்டே போகிறீர்கள். பேட்டரிக்கு வயதாக ஆக உள்மின்தடை கூடும். அது இரட்டித்தால் அதே ஏற்றத்தில் சூடும் இரட்டிக்கும். கை சுடுவது அதனால்தான்.

மொத்தத்தையும் மாற்றுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். பேட்டரிக்குள் செல்களைக் கண்காணித்துக் காக்கும் மின்னணுப் பலகைக்கு பிஎம்எஸ் என்று பெயர். சர்வீஸில் அதைப் படிக்கச் சொல்லி, ஒவ்வொரு செல் வரிசையின் வோல்ட்டையும் பாருங்கள். நிற்கும்போது எல்லாம் ஒன்றுபோல் இருந்து, ஏற்றத்தில் ஒரு வரிசை மட்டும் தொபுக்கென்று இறங்கினால் அதுதான் குற்றவாளி. அப்படி ஒரு வரிசைக்காகப் பேட்டரி முழுதும் போய்விட்டது என்று விற்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். எல்லா வரிசையும் சேர்ந்து இறங்கினால் மாற்ற வேண்டியதுதான்.

மாற்றினால் எல்எஃப்பியே வாங்குங்கள். அதே யூனிட்டுக்குக் கொஞ்சம் கனம் கூடும். ஆனால் சூடேறினாலும் தீயை வளர்க்கும் ஆக்சிஜனை லேசில் விடாது, அதனால் உங்கள் பழைய வகையைவிட நிதானமான சரக்கு. மின்வண்டி பேட்டரிப் பாதுகாப்புக்கான ஏஐஎஸ்-156 சான்று எந்த மாடலுக்கு என்று காகிதத்தில் கேளுங்கள், வாய்வார்த்தை உதவாது. மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து விடும் கன்ட்ரோலருக்கு அந்த வோல்ட் ஒத்துவருமா என்று வண்டி கம்பெனியிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். சார்ஜரைச் சேர்த்தே வாங்குங்கள். உங்கள் பழைய பேட்டரி 13 வரிசை, வரிசைக்கு 4.2 என்பதால்தான் சார்ஜரில் 54.6. புதிய 16 வரிசைக்கு 58.4 வேண்டும். பழைய சார்ஜரைப் புதிய பேட்டரியில் போட்டால் சரியாக நிரம்பாது, அவ்வளவுதான். புதிய சார்ஜரை யாராவது தெரியாமல் பழைய பேட்டரியில் சொருகினால் வரிசைக்கு 4.49 வோல்ட் ஏறப் பார்க்கும். பிஎம்எஸ் தடுக்காவிட்டால் வீடு போச்சு. பழையதை எடைக்குப் போடும் நாளிலேயே பழைய சார்ஜரையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.

மாடிப்படிக்கு அடியில் சார்ஜ் போடுவதை இன்றே நிறுத்துங்கள். தீ வந்தால் மேலே இருப்பவர்கள் இறங்க வழியில்லாத இடம் அது. திண்ணையிலோ கொட்டகையிலோ, முடிந்தால் பகலில் குமுளிக் கடை வாசலில் உங்கள் கண்ணெதிரில் போடுங்கள். மலை ஏறிய சூட்டோடு சொருக வேண்டாம், அரைமணி ஆறட்டும். அங்கே சார்ஜ் போட்டால் 85, 90 சதவீதத்தில் எடுத்துவிடுங்கள். நிறைந்த பேட்டரியோடு இறங்கினால் மோட்டார் பிரேக் திருப்பித் தரும் மின்சாரத்தை வாங்கிக்கொள்ள பேட்டரியில் இடமிருக்காது. அந்த வளைவுகள் முழுக்க வெறும் பிரேக் கட்டையை நம்பித்தான் இறங்க வேண்டியிருக்கும்.