வெட்சூட் அரிப்பு: சேலத்துக்காரர்கள் கேட்டவை

அஸ்தம்பட்டி: அண்ணா, பாண்டிச்சேரியில் கடலடி டைவ் முடித்தால் கழுத்தும் அக்குளும் சிவந்து எரிகிறது. டைவுக்குப் போடும் ரப்பர் உடையான வெட்சூட் அலர்ஜியா?

கழுத்து, அக்குள், முழங்காலுக்குப் பின்புறம் மட்டும் என்றால் உரசல்தான் தம்பி. தொளதொள சூட் மடிப்பு விழுந்து, உப்பும் மணலுமாகத் தேய்க்கும். உள்ளே கழுத்து உயரமான லைக்ரா ரேஷ் கார்டு, அதாவது உடம்போடு ஒட்டும் மெல்லிய மேலாடை, போடுங்கள். அலர்ஜி வேறு மாதிரி: சூட் தொட்ட இடமெல்லாம், ஓரிரு நாள் கழித்து, அரிப்போடு தடிக்கும். பெரும்பாலும் சூட் தைக்கும் நியோபிரீன் ரப்பர் காரணமில்லை. அதைப் பதப்படுத்தச் சேர்க்கும் தயோயூரியா வகை ரசாயனமோ ஒட்டும் பசையோதான். தோல் மருத்துவரிடம் பேட்ச் டெஸ்ட் (தோலில் ஒட்டிப் பார்க்கும் அலர்ஜி சோதனை) கேளுங்கள், சூட்டிலிருந்து சிறு துண்டு கொண்டுபோங்கள்.

சூரமங்கலம்: தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு போடலாமா?

தோலுக்கு ஒன்றுமில்லை. சூட்டின் லேடெக்ஸ் (இயற்கை ரப்பர்) பாகங்கள் எண்ணெயில் ஊறிக் கெடும். வாடகை சூட் என்றால் அடுத்தவர் பாவம். தண்ணீரில் கரையும் ஜெல் போதும்.

அம்மாபேட்டை: வாடகை சூட் போட்டு முதுகெல்லாம் சீழ்க் கொப்புளம்.

ஈரமாகவே சுருட்டி வைத்த சூட்டில் சூடோமோனாஸ் கிருமி வளரும், மயிர்க்கால்களில் இறங்கும். மருத்துவரிடம் காட்டுங்கள். சொந்த சூட்டை நல்ல தண்ணீரில் உள்ளும் புறமும் அலசி, நிழலில் காயப்போடுங்கள். நம்மூர் மொட்டை மாடி வெயில் நியோபிரீனைத் தின்றுவிடும். சூட்டுக்குள்ளேயே சிறுநீர் கழித்தவர்கள் இரண்டு முறை அலசவும். யார் என்று கேட்கவில்லை.

ஆத்தூர்: நல்லெண்ணெய்?

சூரமங்கலத்துப் பதிலைப் படியுங்கள்.

குகை: சூட் மூடிய இடத்தில் மட்டும் சுருக் சுருக்கென்று பொரிப்பொரியாக வருகிறது.

ஜெல்லி மீன் குஞ்சுகள் உள்ளே சிக்கியிருக்கலாம். சூட்டோடு நல்ல தண்ணீரில் குளித்தால் இன்னும் கொட்டும். முதலில் கழற்றுங்கள், பிறகு குளியுங்கள்.

ஏற்காடு: காலையில் இரண்டு டைவ், அப்படியே காரில் மலைக்கு வந்துவிட்டோம். இப்போது நண்பனுக்கு வயிற்றில் நீலமும் சிவப்புமாகத் திட்டுத் திட்டாக இருக்கிறது, அரிப்பும் உண்டு. என்ன களிம்பு போடலாம்?

களிம்பு வேண்டாம். இப்போதே கிளம்பி சேலம் அவசரப் பிரிவுக்குப் போங்கள். போனதும் "டைவ் செய்தவன்" என்று சொல்லி ஆக்சிஜன் கேளுங்கள், டைவிங் மருத்துவரிடம் பேசச் சொல்லுங்கள். இது சூட் அரிப்பு மாதிரி இல்லை. உடம்பில் கரைந்த நைட்ரஜன் குமிழியாகும்போது இப்படித் திட்டு வரும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். மேலே அழுத்தம் குறையக் குறைய குமிழி பெரிதாகும். ஒரு டைவுக்குப் பின் 12 மணி நேரம், பல டைவுக்குப் பின் 18 மணி நேரமாவது கீழேயே இருக்க வேண்டும். இதை எத்தனை தடவைதான் சொல்வது!

நாகலூர்: அது விமானத்துக்குச் சொன்ன கணக்குங்க. நாங்க பொறந்ததே மலையில, உடம்பு பழகினதுதான்.

உங்கள் உடம்பு பழகியது குறைந்த ஆக்சிஜனுக்கு. கடலடியில் ஏறிய நைட்ரஜன், நீங்கள் எந்த ஊர் என்று கேட்காது. விமானக் கேபினுக்குள்ளும் இதே மாதிரி உயரத்தின் அழுத்தம்தான்.

நாகலூர்: பஸ்ஸில் மெதுவாகப் போனால்?

இருபது கொண்டை ஊசி வளைவையும் உருட்டிக்கொண்டே ஏறினாலும் சேரும் இடம் அதே ஏற்காடு. அன்று ராத்திரி சேலத்திலேயே தங்குங்கள்.

அயோத்தியாப்பட்டணம்: அப்போ சேலத்தில் இருந்தால் பரவாயில்லையா?

சேலம் 300 மீட்டருக்குள்தான். வரும் வழியில் பெரிய மலை ஏற்றம் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேட்டூர்: சார், வேப்பெண்ணெய்?

கூடாது. விளக்கெண்ணெய் கேட்க வரிசையில் நிற்பவருக்கும் இதே பதில்.