எண்ணெய் சேர்க்கும் ஈஸ்ட்: மரபணுக் கேள்விகளும் பதில்களும்

எண்ணெய் ஈஸ்ட்களின் மரபணுக்கள் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: ரொட்டிக்குப் போடுவதும் ஈஸ்ட்தானே, அது ஏன் எண்ணெய் சேர்ப்பதில்லை?

பதில்: சேர்க்கும், ஆனால் சொற்பம். உலர் எடையில் 20 சதவீதத்துக்கு மேல் கொழுப்பு இருந்தால்தான் எண்ணெய் ஈஸ்ட் என்ற பெயர். யாரோவியா லிப்போலிட்டிகா, ரோடோடொருலா டோருலாய்டிஸ், லிப்போமைசிஸ் ஸ்டார்க்கியை எல்லாம் அந்தக் கூட்டம். ரொட்டி ஈஸ்டில் பளிச்சென்று தெரியும் குறை, ஏடிபி சிட்ரேட் லையேஸ் என்ற நொதி இல்லாதது. செல்லின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து வெளியே வரும் சிட்ரேட்டை (சர்க்கரை சிதையும்போது உருவாகும் அமிலம்) வெட்டி, கொழுப்புக்கு மூலப்பொருளான அசிட்டைல் கோ-ஏயைத் தருவது அதுதான். யாரோவியாவில் ஏசிஎல்1, ஏசிஎல்2 என்ற இரண்டு மரபணுக்கள் சேர்ந்து அதைத் தருகின்றன. சரி, அந்த இரண்டையும் ரொட்டி ஈஸ்டில் நுழைத்தால் போதுமா? போதாது. வெட்ட ஆள் இருந்தாலும் வெட்டுவதற்குச் சிட்ரேட் வழிந்து வர வேண்டும். அது அடுத்த கேள்வியில் இருக்கிறது.

கேள்வி: நைட்ரஜனைக் குறைத்தால் கொழுப்பு கூடுகிறது என்கிறீர்கள். பட்டினி போட்டால் இளைக்கத்தானே வேண்டும் சார்?

பதில்: பட்டினி நைட்ரஜனுக்கு மட்டும்தான், சர்க்கரை தாராளமாக உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. நைட்ரஜன் இல்லாமல் புரதம் கட்ட முடியாது, செல் பெருக முடியாது. அந்த நெருக்கடியில் ஏஎம்பி டிஅமினேஸ் என்ற நொதி, ஏஎம்பியை (செல்லில் உள்ள, நைட்ரஜன் கொண்ட ஒரு சிறு மூலக்கூறு) உடைத்து அதிலிருக்கும் நைட்ரஜனை அம்மோனியாவாகக் கறக்கிறது. ஏஎம்பி அளவு சரிகிறது. இந்த ஈஸ்ட்களின் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள ஐசோசிட்ரேட் டிஹைட்ரோஜினேஸோ (சிட்ரேட் வழியில் அடுத்து வேலை செய்யும் நொதி) ஏஎம்பி இருந்தால்தான் ஓடும். அது நின்றதும் சிட்ரேட் தேங்கி, வெளியே வழிகிறது.

மாணவர்கள் பலரும் கொழுப்பு மரபணுக்களின் எம்ஆர்என்ஏ (மரபணுவிலிருந்து எடுக்கப்படும் நகல்) எத்தனை மடங்கு ஏறியது என்று முதலில் பார்க்கிறார்கள். யாரோவியாவில் அது பெரிதாக ஏறுவதில்லை. அமினோ அமிலத் தயாரிப்பு அடங்கி, அங்கே போக வேண்டிய கார்பன் கொழுப்புப் பக்கம் திரும்புகிறது, அவ்வளவுதான். என்னைக் கேட்டால் இந்தத் துறையில் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதுதான்.

கேள்வி: ஒரே ஒரு மரபணுவைத்தான் கூட்ட முடியும் என்றால் எதைத் தேர்ந்தெடுப்பீர்கள்?

பதில்: யோசிக்காமல் டிஜிஏ1. பலர் ஏசிசி1 என்பார்கள். அதன் நொதிதான் அசிட்டைல் கோ-ஏயை மலோனைல் கோ-ஏ ஆக்கிக் கொழுப்பு அமிலத் தயாரிப்பைத் தொடங்கி வைக்கிறது, அதனால் நியாயமான பதில்தான். ஆனால் தயாரான அசைல் கோ-ஏ (கோ-ஏ ஒட்டிய கொழுப்பு அமிலம்) தேங்கினால் அதே ஏசிசி1 நொதியின் வேகத்தையே மட்டுப்படுத்திவிடும். டிஜிஏ1 தரும் நொதி அந்த அசைல் கோ-ஏயை இழுத்து, டிரைகிளிசரைடு என்ற சேமிப்புக் கொழுப்பாக்கி, கொழுப்புத் துளிக்குள் பத்திரப்படுத்துகிறது. 2013இல் எம்ஐடி ஆய்வாளர்கள் யாரோவியாவில் இதைப் பார்த்தார்கள்: ஏசிசி1 மட்டும் என்றால் கொழுப்பு சுமார் 2 மடங்கு, டிஜிஏ1 மட்டும் என்றால் சுமார் 4 மடங்கு, இரண்டும் சேர்ந்தால் சுமார் 5 மடங்கு. அந்த இரட்டை ரகத்தை நொதிகலனில் வளர்த்தபோது உலர் எடையில் 61.7 சதவீதம் கொழுப்பு.

கேள்வி: என் யாரோவியா மூன்றாம் நாள் நைல் ரெட் சாயத்தில் (கொழுப்பில் ஒட்டி ஒளிரும் சாயம்) நன்றாக ஒளிர்கிறது, ஐந்தாம் நாள் மங்கிவிடுகிறது. சாயம் கெட்டுவிட்டதா?

பதில்: சாயத்தைச் சந்தேகிக்கும் முன் ஊடகத்தில் குளுக்கோஸ் மிச்சம் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். தீர்ந்திருந்தால் ஈஸ்ட் தன் சேமிப்பையே சாப்பிடுகிறது. டிஜிஎல்3, டிஜிஎல்4 மரபணுக்களின் தரப்பு கொழுப்புத் துளியைக் கரைக்கும். பெராக்சிசோம் என்ற செல் உறுப்பில் பிஓஎக்ஸ்1 முதல் 6 வரையிலான மரபணுக்களின் நொதிகளும் எம்எஃப்இ1 நொதியும் கொழுப்பு அமிலத்தைச் சிதைக்கும். இவற்றில் ஏதாவது ஒரு படியை அடைத்துவிட்டால் கொழுப்பு தங்கும். எம்எஃப்இ1 நீக்கிய ரகம் அப்புறம் எண்ணெயை உணவாகக் கொண்டு வளராது, அதை நினைவில் வையுங்கள். மரபணுவில் கை வைக்க விருப்பமில்லை என்றால் சர்க்கரை தீரும் முன்பே அறுவடை செய்துவிடுங்கள்.

கேள்வி: மரபணுவை நீக்க அனுப்பும் டிஎன்ஏ துண்டு கண்ட இடத்தில் போய் ஒட்டுகிறது. என்ன செய்வது?

பதில்: யாரோவியாவின் சுபாவம் அது. அறுந்த முனைகளை அப்படியே ஒட்டும் வழிதான் அதில் ஓங்கியிருக்கிறது. அந்த வழிக்குத் தேவையான கேயு70 மரபணுவை நீக்கிய ரகத்தில் முயலுங்கள், சரியான இடத்தில் சேரும் வாய்ப்பு கூடும்.

கேள்வி: யாரோவியாவுக்குச் செய்த அதே பிளாஸ்மிடை (மரபணுவைச் சுமந்து செல்லும் டிஎன்ஏ வளையம்) ரோடோடொருலாவில் போடலாமா?

பதில்: வேண்டாம். ரோடோடொருலா பசிடியோமைசீட், அதாவது காளான்கள் இருக்கும் பூஞ்சைப் பிரிவு, யாரோவியாவுக்குத் தூரத்து உறவு. டிஎன்ஏவில் ஜி, சி எழுத்துகள் 60 சதவீதத்துக்கு மேல். புரமோட்டரை (மரபணுவை இயக்கிவிடும் டிஎன்ஏ பகுதி) அதனிடமிருந்தே எடுங்கள், மரபணுவின் கோடான்களையும் (அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்றெழுத்துகள்) அதற்கேற்ப மாற்றுங்கள்.

கேள்வி: மீன் எண்ணெயில் உள்ள இபிஏ என்ற ஒமேகா-3 கொழுப்பு அமிலத்தை ஈஸ்டில் எடுக்க முடியுமா?

பதில்: எடுத்தாகிவிட்டது. யாரோவியா தானாக லினோலியிக் அமிலம் வரைதான் போகும், அதாவது 18 கார்பன், 2 இரட்டைப் பிணைப்பு. இபிஏவுக்கு 20 கார்பன், 5 இரட்டைப் பிணைப்பு வேண்டும். டுபான்ட் ஆய்வாளர்கள் நீட்டும் நொதிகளுக்கும் இரட்டைப் பிணைப்பு போடும் நொதிகளுக்குமான மரபணுக்களை வெளியிலிருந்து கொண்டுவந்து சேர்த்து, கூடவே பெராக்சிசோம் உருவாகத் தேவையான பிஇஎக்ஸ்10 மரபணுவை நீக்கினார்கள். 2013இல் வெளியான அந்த ரகத்தின் கொழுப்பு அமிலங்களில் பாதிக்கு மேல் இபிஏ.