இராக்காலத்துப் பாட்டு (கடிதமும் பதிலும்)

அன்புள்ள அண்ணா,

ஆலயப் பாடற்குழுக்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு இதை எழுதுகிறேன். நான் செவிலியர். ஷிப்ட் முடிந்து அறைக்குத் திரும்பும்போது பதினொரு மணி தாண்டிவிடும். உடம்பு ஓய்ந்திருக்கும், தலை ஓயாது. ஒரு வருடமாக ஸ்டார்ஃப்ளையர் 59 என்ற ராக் குழுவின் பழைய ஆல்பங்களையும், தி கொயர் என்ற குழுவின் 'சர்க்கிள் ஸ்லைட்'டையும் மெதுவாக வைத்துக்கொண்டு படுக்கிறேன். கிடார் பனிமூட்டம் மாதிரி வந்து சூழ்ந்துகொள்ளும். பாடுகிறவர் சொல்வது பாதி புரியாது. மூன்றாவது பாட்டுக்குள் தூங்கிவிடுவேன்.

எங்கள் ஜெபக்குழுவில் மூத்த அண்ணன் ஒருவரிடம் இதைச் சொன்னேன். கேட்டுப் பார்த்துவிட்டு, "வார்த்தையே கேட்கவில்லை, இயேசு பெயரும் வரவில்லை, இது எப்படிக் கிறிஸ்தவப் பாட்டு? அதுவும் ஜெபம் பண்ண வேண்டிய நேரத்தில்" என்றார். அவர் நல்லவர், என் மேல் அக்கறையில்தான் சொன்னார். எனக்குப் பதில் தெரியவில்லை. கிறிஸ்தவ இசையில் இதற்கு இடம் உண்டா? இல்லை, எனக்குப் பிடித்த ஒன்றுக்கு நான் ஒரு பெயரை ஒட்டிக்கொள்கிறேனா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருந்தார், எடுத்துவிட்டேன்.)

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை இரவில்தான் திறந்தேன். படித்து முடித்ததும் 'சர்க்கிள் ஸ்லைட்'டைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அதனால் பதில் ஒரு நாள் தள்ளிப்போனது.

உங்கள் ஜெபக்குழு அண்ணன் கேட்டது நல்ல கேள்வி, அதைத் தள்ளிவிட வேண்டாம். சபையாகக் கூடிப் பாடும்போது வார்த்தை கேட்டாக வேண்டும். பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது "ஆவியோடும் பாடுவேன், கருத்தோடும் பாடுவேன்" என்கிறார். பக்கத்தில் நிற்கிறவனுக்கு விளங்காத பேச்சு அவனுக்கு எப்படிப் பயன்படும் என்பதே அந்த அதிகாரம் முழுக்க அவருடைய கவலை. ஞாயிறு ஆராதனையில் யாராவது குரலைக் கிடாருக்கு அடியில் புதைத்துவிட்டுப் பாடினால், நானே எழுந்து போய் ஒலி மிக்ஸர் முன்னால் இருக்கிற தம்பியிடம் குரலைக் கூட்டச் சொல்வேன்.

ஆனால் நீங்கள் கேட்பது படுக்கையைப் பற்றி. அங்கே பக்கத்தில் நிற்கிறவர் யாரும் இல்லை. களைத்துப்போன ஒரு ஆள், ஓயாத ஒரு தலை, இருட்டு. அவ்வளவுதான். அந்த இடத்துக்கும் திருச்சபையில் ஒரு இசை உண்டு, அது ராக்கை விடப் பல நூற்றாண்டு மூத்தது.

387-ஆம் வருடம், ரோமுக்குப் பக்கத்தில் ஓஸ்தியா என்ற துறைமுக ஊர். பின்னாளில் ஆயராகவும் திருச்சபையின் பெரிய ஆசிரியராகவும் ஆன அகஸ்டினின் அம்மா மோனிக்கா அங்கே இறந்துபோகிறார். அடக்கம் முடிகிறது. மகன் அழுகையை அடக்கிக்கொண்டே நிற்கிறார். குளித்தால் துக்கம் ஆறும் என்று யாரோ சொல்லக் கேட்டிருந்ததால் குளிக்கப் போகிறார், ஆறவில்லை. தூங்குகிறார். விழிக்கும்போது துக்கம் கொஞ்சம் தணிந்திருக்கிறது. படுக்கையில் தனியாகக் கிடக்கிறவருக்கு, மிலான் ஆயர் அம்புரோஸ் எழுதிய ஒரு மாலைப் பாட்டு நினைவுக்கு வருகிறது. பகலுக்கு அழகான ஒளியையும் இரவுக்குத் தூக்கம் என்ற கிருபையையும் உடுத்துகிறவரே, தளர்ந்த கைகால்களை ஓய்வு மறுபடியும் வேலைக்குத் தயாராக்கட்டும், களைத்த மனதை லேசாக்கட்டும் என்று போகிற பாட்டு. அதற்கு அப்புறம்தான் அவர் அழுகிறார். தன் வாழ்க்கையை எழுதிய நூலின் ஒன்பதாம் பாகத்தில் அவரே இதைச் சொல்கிறார்.

ஷிப்ட் முடிந்து அறைக்கு வருகிற செவிலியருக்கென்றே எழுதினது மாதிரி இல்லையா அந்த வரிகள்? தூக்கத்தைக் கிருபை என்று சொன்ன ஒரு பாட்டு, நம் வழிபாட்டுப் பாடல்களின் ஆரம்ப வரிசையிலேயே இருக்கிறது.

நேர்மையாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதே அகஸ்டின், அதே நூலின் அடுத்த பாகத்தில், பாட்டின் பொருளை விட்டுவிட்டுப் பாட்டின் இனிமையில் மனம் கரைந்துபோனால் அது தன் பாவம் என்று வருந்துகிறார். உங்கள் அண்ணனின் கவலையும் அதுதான். ஆனால் அகஸ்டின் அங்கேயே நின்றுவிடவில்லை. வேதாகமத்தின் சங்கீதங்களுக்கு அவர் செய்த பிரசங்கங்களில், அறுப்பிலும் திராட்சைத் தோட்டத்திலும் வேலை செய்கிறவர்கள் முதலில் வார்த்தையோடு பாடத் தொடங்கி, சந்தோஷம் பொங்கி வழியும்போது வார்த்தையை விட்டுவிட்டு வெறும் ஓசையாகப் பாடுவார்கள் என்கிறார். சொல்லில் அடங்காத தேவனை அப்படிப் பாடுவதே பொருத்தம் என்றும் சொல்கிறார். நம் ஊரில் ஏலேலோ போட்டவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. "ஆராரோ ஆரிரரோ" என்று பாடுகிற அம்மாவிடம் அதற்கு என்ன அர்த்தம் என்று எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை. யார் பாடுகிறார்கள் என்று அதற்குத் தெரியும். தூங்கிவிடும்.

சரி, ராக்குக்கு வருவோம். எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் பிரிட்டனில் சில இளைஞர்கள் கிடாரை வேறு விதமாக வாசிக்க ஆரம்பித்தார்கள். ரிவெர்ப், டிலே, டிஸ்டார்ஷன் என்று ஓசையை எதிரொலிக்கவும் நீட்டவும் கரகரப்பாக்கவும் செய்கிற பெடல்களை அடுக்கடுக்காக மிதித்து, ஒரு ஸ்வரம் அடங்கும் முன்பே அடுத்தது அதன் மேல் படர்கிற மாதிரி. குரலை முன்னால் நிறுத்தாமல் கிடாருக்குச் சமமாக, சில நேரம் அதற்குப் பின்னால் வைத்தார்கள். காலடியில் இருந்த பெடல்களைப் பார்த்தபடியே குனிந்து வாசித்ததால் பத்திரிகைகள் ஷூகேஸ் (shoegaze, ஷூவையே பார்ப்பது) என்று கேலிப்பெயர் வைத்தன, அதுவே நிலைத்துவிட்டது. மை ப்ளடி வேலன்டைன் என்ற குழுவின் 'லவ்லெஸ்' ஆல்பம் 1991-இல் வந்தது, ஸ்லோடைவ் என்ற குழுவின் 'சுவ்லாக்கி' 1993-இல்.

தூங்கப்போகும்போது இது ஏன் இவ்வளவு ஒத்துப்போகிறது என்று நான் யோசித்ததுண்டு. குரல் பின்னுக்குப் போகும்போது முதலில் கரைவது க், ச், த் மாதிரியான வல்லோசைகள். உயிரோசைகள் மட்டும் நீண்டு நிற்கும். வார்த்தையைப் பிடிக்க முடியாததால், அதைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு யோசிக்கிற மூளைக்கு வேலை இல்லாமல் போகிறது. திடீரென்று ஏறி இறங்குகிற சத்தமும் குறைவு. ஸ்டார்ஃப்ளையர் 59-ஐச் சத்தமாக வைத்தால் சுவர் அதிரும். அதையே நன்றாகக் குறைத்து வைத்தால் நீங்கள் சொன்ன பனிமூட்டம்தான்.

இந்த அலை கலிஃபோர்னியாவின் கிறிஸ்தவ இளைஞர்களிடம் உடனே வந்து சேர்ந்தது. தி கொயர் அதற்கும் முந்தியவர்கள். 1988-இல் 'சேஸ் தி கங்காரு', 1990-இல் 'சர்க்கிள் ஸ்லைட்'. கிடாரும் குரலும் டெரி டாஹர்ட்டி. பெரும்பாலான வரிகளை எழுதினவர் டிரம்மர் ஸ்டீவ் ஹிண்டலாங். நண்பன் ஒருவன் பதிந்து கொடுத்த கேசட்டில்தான் நான் முதன்முதலில் 'சர்க்கிள் ஸ்லைட்'டைக் கேட்டேன், கல்லூரி விடுதியில், விளக்கணைத்த பிறகு. டேன் மைக்கேல்ஸின் சாக்ஸஃபோன் எங்கோ தூரத்தில் எழும்பி வருகிற இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தது இன்றும் நினைவிருக்கிறது. இந்தப் பாட்டுக்காரர்கள் நம்மவர்கள் என்று நண்பன் சொன்னபோது என்னால் நம்ப முடியவில்லை. கிறிஸ்தவப் பாட்டு என்றால் ஒவ்வொரு வரியும் முடிவு சொல்லித் தீர வேண்டும் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

1993-இல் பிராண்டன் ஈபல் டூத் அண்ட் நெயில் என்ற ரெக்கார்ட் நிறுவனத்தைத் தொடங்கினார். அடுத்த வருடமே ஸ்டார்ஃப்ளையர் 59-இன் முதல் ஆல்பம். ரிவர்சைடு நகரத்து ஜேசன் மார்ட்டின்தான் அந்தக் குழுவின் உயிர். முதல் ஆல்பத்தின் உறை முழுக்க ஒரே வெள்ளி நிறம், 1995-இல் வந்ததற்குத் தங்க நிறம். ஆல்பத்துக்குத் தனியாகப் பெயரில்லாததால் ரசிகர்கள் நிறத்தையே பெயராக்கி சில்வர், கோல்ட் என்றார்கள். நீங்கள் கேட்பது பெரும்பாலும் அந்த இரண்டும்தான் என்று நினைக்கிறேன். எனக்கு 'கோல்ட்' ஒரு படி மேல். அந்தச் சோகம் நாடகம் இல்லாதது. மனதுக்குள் பேசிக்கொள்கிறவனின் குரலில் மார்ட்டின் பாடுவார், கேட்கிறவரை எதற்கும் இணங்க வைக்கப் பார்க்க மாட்டார். 1984 முதல் 2012 வரை இல்லினாய் மாநிலத்தில் நடந்த கார்னர்ஸ்டோன் இசை விழா இந்த மாதிரிக் குழுக்களுக்குத் தாய்வீடு மாதிரி. சிகாகோவின் ஜீசஸ் பீப்பிள் சமூகத்தினர் நடத்திய விழா அது.

இதில் உங்கள் அண்ணனிடம் சொல்ல வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. 'காட் ஆஃப் ஒண்டர்ஸ்' என்ற ஆராதனைப் பாட்டு 2000-இல் வந்தது. உலகமெங்கும் ஆங்கில ஆராதனைகளில் பாடினார்கள், நம் ஊர் ஆங்கில ஆராதனைகளிலும்தான். அநேகமாக அவரும் கைகளை உயர்த்திப் பாடியிருப்பார். அதை எழுதியவர்கள் இரண்டு பேர். ஒருவர் தி கொயரின் அதே ஸ்டீவ் ஹிண்டலாங். இன்னொருவர் மார்க் பெர்ட். சபையில் எல்லா வார்த்தையும் தெளிவாகக் கேட்கிற பாட்டும், படுக்கையில் பாதி கேட்காத பாட்டும் ஒரே ஆளின் கையிலிருந்து வந்தவை. சபைக்கு எது வேண்டும், தனி அறைக்கு எது வேண்டும் என்று ஹிண்டலாங்குக்குத் தெரிந்திருக்கிறது.

மார்க் பெர்ட் இன்னும் ஒரு படி தள்ளிப் போனார். ஆண்ட்ரூ தாம்ப்ஸனோடு சேர்ந்து நாஷ்வில்லில் ஹாமக் என்ற இருவர் குழுவைத் தொடங்கினார். அநேகமாக வார்த்தையே இல்லாத கிடார் இசை. 2005-இல் வந்த முதல் ஆல்பத்தின் பெயர் 'கெனாட்டிக்'. பிலிப்பியர் நிருபத்தில் கிறிஸ்து "தம்மைத்தாமே வெறுமையாக்கி" என்று வருகிறதே, அந்த வெறுமையாக்குதலுக்கான கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். சபைகள் பாடிய பாட்டை எழுதின ஒருவர், வார்த்தையை முழுக்க இறக்கி வைத்துவிட்டு, அந்த இசைக்கு இந்தப் பெயரை வைக்கிறார். இதைவிடக் கிறிஸ்தவமான ஒரு தலைப்பு எனக்குச் சட்டென்று நினைவுக்கு வரவில்லை.

ஆனால் அமெரிக்காவின் காஸ்பல் (நற்செய்தி) இசைச் சங்கம், விருதுகள் தருகிறார்களே அவர்கள், 1998-இல் காஸ்பல் பாட்டு எது என்று வரையறுத்தபோது முழுக்க வரிகளை வைத்தே வரையறுத்தார்கள். எந்த வகை இசையாகவும் இருக்கலாம், வரிகள் வேதத்தைச் சார்ந்திருக்க வேண்டும் என்று. விருது கொடுக்கிறவர்களுக்கு ஏதோ ஒரு எல்லை தேவைப்படும், புரிகிறது. ஆனால் அந்த அளவுகோலைப் பிடித்தால் 'கெனாட்டிக்' எங்கேயும் சேராது. சவுல் ராஜாவுக்கு முன்னால் தாவீது வாசித்த சுரமண்டலமும் சேராது. தாவீது கையால் வாசித்தான், சவுலுக்கு ஆறுதல் வந்தது என்று மட்டும்தான் வேதம் சொல்கிறது, அவன் என்ன பாடினான் என்று சொல்லவே இல்லை. "வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு" ஆவியானவர் நமக்காக வேண்டுகிறார் என்று ரோமர் எட்டாம் அதிகாரம் சொல்கிறது. வாக்குக்கு அடங்காத ஒன்று நம் விசுவாசத்தின் நடுவிலேயே இருக்கும்போது, நம் இசையில் மட்டும் அதற்கு இடமில்லை என்று என்னால் சொல்ல முடியாது.

பெயரை ஒட்டிக்கொள்கிறேனா என்று கேட்டீர்கள். நல்ல எச்சரிக்கை, எனக்கும் அது தேவை. மிதப்பாக ஒலிக்கிறது, மனம் உருகுகிறது என்பதற்காக ஒரு பாட்டைக் கிறிஸ்தவப் பாட்டு ஆக்கிவிட முடியாது. ஸ்லோடைவை நான் ரொம்ப விரும்பிக் கேட்பேன், அதற்கு ஞானஸ்நானம் கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை. நல்ல சாப்பாட்டுக்கு நன்றி சொல்கிற மாதிரி அதற்கும் நன்றி சொல்லிவிட்டுக் கேட்கலாம். ஆனால் தி கொயரும் ஸ்டார்ஃப்ளையர் 59-உம் விசுவாசிகள் தங்கள் விசுவாசத்திலிருந்து செய்த இசை. சந்தேகம், களைப்பு, வீட்டு ஏக்கம் எல்லாம் அதில் இருக்கும். சங்கீதப் புத்தகத்திலும் அதெல்லாம் இருக்கிறது.

கடைசியாக ஜெப நேரம். இதில் உங்கள் அண்ணனோடு பாதி ஒத்துப்போகிறேன். இந்த இசையை ஜெபம் என்று சொல்லிக்கொள்ளாதீர்கள். ஜெபத்தைச் சுருக்கமாக, உங்கள் வார்த்தையில், முதலில் செய்துவிடுங்கள், அன்றைக்குப் பார்த்த நோயாளிகளையும் நினைத்து. அப்புறம் பாட்டைப் போடுங்கள். என் பாட்டி தினமும் படுத்துக்கொண்டு நாலாம் சங்கீதத்தின் கடைசி வசனத்தைச் சொல்வார். "சமாதானத்தோடே படுத்துக்கொண்டு நித்திரை செய்வேன்" என்பது வரைக்கும் தெளிவாக வரும். "கர்த்தாவே, நீர் ஒருவரே" என்ற இடத்தில் குரல் இழையும். பல நாள் வசனம் முடிவதற்குள் தூங்கிவிடுவார், மிச்சத்தை இருட்டில் நான் சொல்லி முடிப்பேன். பாட்டி பாதியில் தூங்கியது குறையாக எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. கர்த்தர் தமக்குப் பிரியமானவனுக்கு நித்திரை அளிக்கிறார் என்று 127-ஆம் சங்கீதம் சொல்கிறது, எந்த வசனத்தின் முடிவில் அளிப்பார் என்று சொல்லவில்லை.

ஒரு வேண்டுகோள். இயர்போனைக் காதில் வைத்தபடியே தூங்காதீர்கள், தலைமாட்டில் சின்ன ஸ்பீக்கர் போதும், சத்தம் நன்றாகக் குறைவாக. 'கெனாட்டிக்'கை ஒரு விடுமுறை இரவில் போட்டுப் பாருங்கள், மறுநாள் சீக்கிரம் எழ வேண்டாத நாளாகப் பார்த்து. உங்கள் அண்ணனுக்கு 'காட் ஆஃப் ஒண்டர்ஸ்' கதையைச் சொன்னால், அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணன்