செஸ்னாவா, டைமண்டா? பைலட் பயிற்சிக்குப் பணம் கட்டுமுன்

ஒரு பள்ளியில் பழைய செஸ்னா 152, இன்னொன்றில் புதுசான டைமண்ட் டிஏ40. கட்டணத்தில் சில லட்சம் வித்தியாசம். மகளை எதில் சேர்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். விமானத்தின் வயதை வைத்து முடிவு செய்யாதீர்கள். செஸ்னா 152 தயாரிப்பு 1985-இலேயே நின்றுவிட்டது; எந்தப் பள்ளியில் இருந்தாலும் அது உங்கள் மகளைவிட மூத்ததுதான். பராமரிப்பு ஒழுங்காக இருந்தால் அது ஒரு குறையே இல்லை. அந்த விமானம் அவளுக்கு எதைக் கற்றுத்தரும், எந்தத் தப்பை மறைத்துவிடும் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

152-இல் இரண்டு இருக்கை, 110 குதிரைத்திறன் எஞ்சின். எடை குறைவு என்பதால் சின்னக் காற்றுக்கும் ஆடும். முழு பவரில் மேலேறும்போது மூக்கு இடப்பக்கம் இழுக்கும். வலது காலால் ரட்டர் (மூக்கை இடவலமாகத் திருப்பும் வால் பலகை) பெடலை அழுத்திப் பிடித்தால்தான் நேராகப் போகும். கால் சும்மா இருந்தால், முன்னால் இருக்கும் கருவியில் குண்டு ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். அந்த நிலையிலேயே ஸ்டால் (இறக்கை தூக்கும் சக்தியை இழப்பது) பயிற்சி செய்தால் ஒரு இறக்கை சட்டென்று கீழே சரியும். தப்பு செய்த அந்த நொடியே விமானம் காட்டிக்கொடுத்துவிடுகிறது. கற்றுக்கொள்கிறவருக்கு இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது.

அதன் எஞ்சினில் இருப்பது கார்புரேட்டர். ஈரப்பதம் மிகுந்த காற்றில், வெளியே 30 டிகிரி வெயில் இருந்தாலும், பவரைக் குறைக்கும்போது உள்ளே பனி கட்டும். அதனால் த்ராட்டிலை (பவர் லிவரை) குறைக்குமுன், சூடான காற்றை உள்ளே விடும் கார்ப் ஹீட் குமிழை இழுக்க வேண்டும். பனி கட்டிய பிறகு இழுத்தால், உருகிய நீர் எஞ்சினுக்குள் போய்ச் சில நொடிகள் உதறும். பயந்துபோய் அதைத் திரும்பத் தள்ளிவிடுவது மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. இழுத்தபடியே விட்டால் உதறல் தானாக அடங்கிவிடும்.

எடைக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். 152-இன் அதிகபட்ச எடை 757 கிலோ. காலியாக 520 கிலோ என்று வைத்துக்கொண்டால் மிச்சம் 237. மாணவரும் இன்ஸ்ட்ரக்டரும் ஆளுக்கு 85 கிலோ என்றால் பெட்ரோலுக்கு 67 கிலோதான். டேங்க் நிறைந்தால் 70-ஐத் தாண்டும். ஆள் கனமாக இருந்தால் டேங்கை நிரப்பாமல்தான் கிளம்ப வேண்டும், தூரப் பயணம் சுருங்கும். உங்கள் மகள் 50 கிலோ என்றால் இந்தப் பிரச்சினையே இல்லை.

செஸ்னா 172எஸ்-க்கு 180 குதிரைத்திறன், நான்கு இருக்கை. 152-ஐவிட ஆட்டமில்லாமல் பறக்கும். இதில் தொல்லை இரண்டு. எரிபொருள் நேராகச் சிலிண்டருக்குப் பீய்ச்சப்படுவதால், வெயிலில் ஒருமுறை பறந்து இறங்கிய உடனே ஸ்டார்ட் செய்யப் பார்த்தால் குழாய்க்குள் ஆவி நின்றுகொண்டு அடம் பிடிக்கும். அவசரப்பட்டால் பேட்டரிதான் காலி. இன்னொன்று லேண்டிங். 61-65 நாட் வேகத்தில் வர வேண்டியவர் 75-இல் வந்து, மிதக்கிற விமானத்தை மூக்கைத் தள்ளித் தரையில் வைக்கப் பார்ப்பார். முன்சக்கரம் முதலில் பட்டுத் துள்ளும். மூன்றாவது துள்ளலில் எஞ்சினுக்குப் பின்னுள்ள ஃபயர்வால் என்ற தடுப்புத் தகடே வளைந்துவிடலாம். துள்ளினால் பவர் கொடுத்து மறுபடி மேலேறிவிட வேண்டும், வேறு வைத்தியம் இல்லை.

பைப்பர் ஆர்ச்சர் கிடைத்தாலும் சேர்க்கலாம், சாதுவான விமானம். எரிபொருள் இடது டேங்கிலிருந்தா வலதிலிருந்தா என்று மாணவர்தான் அவ்வப்போது மாற்ற வேண்டும். செஸ்னா 172 மாதிரி 'இரண்டும்' என்ற நிலை கிடையாது. மறந்தால் ஒரு டேங்க் நிறைய இருக்கும்போதே எஞ்சின் நிற்கும்.

இனி டிஏ40, அதன் என்ஜி வகை. ஜெட் விமானங்களுக்கு ஊற்றும் அதே ஜெட் ஏ1-இல் ஓடும். அவ்காஸ் என்ற விமானப் பெட்ரோல் தட்டுப்பாட்டில் செஸ்னாக்கள் தரையில் நிற்கும் நாளிலும் இது பறக்கும். இந்தியாவிலேயே அவ்காஸ் தயாரிக்க ஆரம்பித்தது 2022-இல்தான். மிக்ஸ்சர் (பெட்ரோல்-காற்று அளவைச் சரிசெய்யும் லிவர்), கார்ப் ஹீட் எதுவும் கிடையாது, ஒற்றை லிவர். முள் கருவிகளுக்குப் பதில் கண்ணாடித் திரைகள், கையில் ஸ்டிக் என்ற பிடிகோல். "இது ஏர்பஸ் மாதிரி" என்று பள்ளிக்காரர்கள் சொல்வார்கள். ஸ்டிக் இருப்பதைத் தவிர வேறு ஒற்றுமை குறைவு. அதற்காகக் கூடுதல் பணம் வேண்டாம். ஸ்டாலில் மெல்ல அமுங்கும், இறக்கை சரிவது அபூர்வம். ரட்டரை அழுத்தாத சோம்பேறிக் கால் இதில் வெளியே தெரியாது. கடைசியில் இரட்டை எஞ்சின் விமானத்தில் ஒரு எஞ்சினைக் குறைத்துக் காட்டும்போது, நேராக வைக்கிற வேலை முழுக்கக் காலுக்குத்தான். அங்கே தடுமாறுவார்கள். அந்த மணி நேரம்தான் மொத்தப் பயிற்சியிலேயே விலை அதிகம்.

தரையில் நிலைமை தலைகீழ். டிஏ40-இன் முன்சக்கரம் பெடலோடு இணைந்ததல்ல. ஒரு பக்க பிரேக்கை மிதித்துத்தான் திருப்ப வேண்டும். புதியவர் இரண்டு பிரேக்கையும் மிதித்துக்கொண்டே டாக்ஸி செய்து (தரையில் ஓட்டி) அதைச் சூடேற்றுவார். லேண்டிங்கில் ஐந்து நாட் கூடினாலும் ரன்வேயின் மேல் நெடுநேரம் மிதக்கும். மேலே முழுக்கக் கண்ணாடிக் கூடு வேறு. மதிய வெயிலில் உள்ளே வேகும்.

என் பரிந்துரை: முதல் சோலோவும் (தனியாகப் பறப்பது) சர்க்யூட்டும் (ரன்வேயைச் சுற்றி வந்து இறங்கும் பயிற்சி) 152 அல்லது 172-இல் முடியட்டும், பிறகு திரை உள்ள விமானத்துக்குப் போகலாம். ஆனால் நடுவில் அடிக்கடி மாற்றக் கூடாது. வணிக பைலட் உரிமத்துக்கு விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ கேட்பது 200 மணி நேரம், அதில் 100 தானே பொறுப்பேற்றுப் பறந்தது. ஒவ்வொரு புது விமானத்துக்கும் பழக இன்ஸ்ட்ரக்டரோடு சில மணி நேரம் போய்விடும்.

இதையெல்லாம்விடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. இன்றைக்குப் பறக்கும் நிலையில் எத்தனை விமானம், அவற்றுக்கு எத்தனை மாணவர்? பட்டியலில் பத்து என்பார்கள். பாதி ஹேங்கரில் பாகத்துக்குக் காத்திருக்கும். நேரில் போய்க் காலை ஏழு மணிக்கு நின்று எண்ணுங்கள். எண்ணிக்கை டிஏ40 பள்ளியில்தான் நன்றாக இருக்கிறது என்றால் தயங்காமல் அங்கேயே சேருங்கள்; ரட்டருக்குக் கால்களைப் பழக்குவது இன்ஸ்ட்ரக்டர் கையில் இருக்கிறது.

அன்றைக்கே மகளையும் விமானத்தில் உட்கார வையுங்கள். ரட்டர் பெடல் இரண்டும் கடைசிவரை போகும்படி கால் எட்ட வேண்டும், முன்னால் ரன்வேயும் தெரிய வேண்டும். டிஏ40-இல் இருக்கை நகராது, பெடல்தான் நகரும். உயரம் போதாவிட்டால் தடிமனான மெத்தை வேண்டும். செஸ்னாவில் இருக்கை தண்டவாளத்தில் நகரும். அது 'கிளிக்' என்று பூட்டிக்கொண்டதா என்று உடம்பை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். டேக்ஆஃபில் பூட்டாத இருக்கை பின்னால் வழுக்கும். பிடிமானத்துக்கு அவள் பற்றுவது கன்ட்ரோலைத்தான், மூக்கு அப்படியே மேலே தூக்கிக்கொள்ளும்.