மூன்று மாநிலம், ஒரே ஆற்றங்கரை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நிபோங் திபாலில் ஏழு பெண்கள் வீட்டில் முறுக்கு சுட்டு விற்கிறோம். பாரிட் புந்தாரில் ஐந்து பேர், பண்டார் பாருவில் மூன்று பேர் இதே தொழில்தான். ஒருவர் பிடித்த கடையை இன்னொருவர் விலை குறைத்துப் பறிக்கிறோம். ஒரே பெயரில் சேர்ந்து விற்க ஆசை. ஆனால் நாங்கள் பினாங்கு, பாரிட் புந்தார்க்காரர்கள் பேராக், அவர்களுக்குக் கிரியான் ஆற்றின் அக்கரையில் உள்ள பண்டார் பாரு கெடா. எங்கே பதிவது?

பதில்: பெயர்ப் பதிவுக்கு மாநில எல்லை கிடையாது. எஸ்.எஸ்.எம். எனும் மலேசிய நிறுவன ஆணையத்தில் ஒருமுறை பதிந்தால் மூன்று ஊருக்கும் செல்லும். சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி (ரிங்கிட்), வணிகப் பெயர் என்றால் 60 வெள்ளி. கூட்டு வணிகமாகப் பதிந்தால் 20 பங்காளிகள் வரை சேரலாம். நீங்கள் 15 பேர்தான், இடமிருக்கிறது.

எல்லை குறுக்கே வருவது உரிமத்தில். நிபோங் திபாலுக்குச் செபராங் பிறை மாநகர் மன்றம், பாரிட் புந்தாருக்குக் கிரியான் மாவட்ட மன்றம், ஆற்றுக்கு அக்கரையில் பண்டார் பாரு மாவட்ட மன்றம். ஒரு மன்றம் கொடுத்த உரிமம் பாலம் தாண்டினால் செல்லாது. சுகாதார அமைச்சு உணவுப் பாதுகாப்புக்குத் தரும் மெஸ்தி சான்றிதழும் ஆளுக்கு அல்ல, இடத்துக்குத்தான். பதினைந்து வீட்டு அடுப்புக்கும் உரிமம் வாங்க அலைவதைவிட, ஒரே ஊரில் ஒரு கடைவீட்டை எடுத்து, சுடுவதும் பொட்டலம் கட்டுவதும் அங்கேயே நடக்கட்டும். லேபிளில் ஒரே முகவரி. நிபோங் திபாலுக்கு அடுத்த கொமுட்டர் ரயில் நிலையம் பாரிட் புந்தார், அங்கிருந்து பாலம் ஏறினால் பண்டார் பாரு. யாருக்கும் தூரமில்லை.

டைபாய்டு ஊசியும் உணவு கையாளுவோர் பயிற்சிச் சான்றிதழும் எல்லா மாநிலத்திலும் செல்லும். அவற்றை ஆளாளுக்கு இப்போதே முடித்துவிடுங்கள். ஊசியை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை போட வேண்டும்.

இன்னொன்று, பலர் இதில்தான் நாளை வீணாக்குகிறார்கள். கெடாவில் அரசு அலுவலகங்களுக்கு வெள்ளி, சனி விடுமுறை. பினாங்கிலும் பேராக்கிலும் சனி, ஞாயிறு. மூன்று மன்றத்தையும் ஒரே வாரத்தில் பார்க்க வேண்டுமென்றால் திங்கள் முதல் வியாழன் வரைதான் கணக்கு.

கேள்வி: நாங்கள் நான்கு வீட்டுக்காரர்கள் ஒரே பெயர் ஒட்டிக் கொடுத்தோம். ஒரு பொட்டலம் மொறுமொறுப்பு, அடுத்தது கல், இன்னொன்று நமத்துவிட்டது. கடைக்காரர் முழுவதையும் திருப்பிவிட்டார்.

பதில்: அவர் செய்தது சரி. வாங்குகிறவருக்கு உங்கள் பெயர் ஒன்றுதான் தெரியும், நான்கு அடுப்பு தெரியாது.

மாவை ஒரே இடத்தில் கலந்து பிரித்துக் கொடுங்கள். பச்சரிசி மாவு 4 பங்குக்கு வறுத்து அரைத்த உளுத்தம் மாவு 1 பங்கு என்றால், 10 கிலோ அரிசி மாவுக்கு உளுத்தம் மாவு இரண்டரை கிலோ. கைப்பிடிக் கணக்கு வேண்டாம், உப்பு முதல் எள் வரை நிறுத்துப் போடுங்கள். உளுத்தம் மாவைச் சலிக்காமல் விட்டால் கட்டி தங்கி, எண்ணெயில் முறுக்கு வெடிக்கும். மாவில் தண்ணீர் கூடினால் எண்ணெய் குடிக்கும். குறைந்தால் பிழியும்போதே அறும். எண்ணெய் காயாமல் போட்டாலும் அப்படியே குடித்து, சில நாளில் சிக்கு வாடை வரும். அதிகம் காய்ந்தால் மேலே சிவந்து உள்ளே ஈரம் நிற்கும். உங்கள் ‘நமத்த’ பொட்டலத்துக்கு இதுவோ, அல்லது சூடு ஆறுமுன் உறையை ஒட்டியதோ காரணம். முறுக்கை நடுவில் ஒடித்துப் பாருங்கள். ஒடிந்த இடம் வெள்ளையாக, உலர்ந்து இருக்க வேண்டும். மங்கலாக, மெழுகு போல இருந்தால் உள்ளே வேகவில்லை.

எல்லாருக்கும் ஒரே கண் அளவுள்ள அச்சு வாங்கிக் கொடுங்கள். பொட்டலத்தில் தேதியோடு, சுட்டவருக்கான ஓர் எழுத்தும் இருக்கட்டும். திரும்பி வந்தால் யாரிடம் பேசுவது என்று தெரியும், நால்வரும் முகம் சுளிக்க வேண்டாம். எடை போடும் தராசுக்கு ஆண்டு முத்திரை கட்டாயம். ஹலால் சின்னத்தை நீங்களே அச்சடித்து ஒட்டுவது குற்றம்.

கேள்வி: எடுத்த எடுப்பிலேயே கூட்டுறவுச் சங்கமாகப் பதிந்தால் என்ன?

பதில்: நல்ல எண்ணம்தான், ஆனால் ஆறு மாதம் பொறுங்கள். 1993ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சங்கச் சட்டத்தில் 2021இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு 20 பேர் இருந்தால் தொடங்கலாம், முன்பு 50 பேர் வேண்டும். மலேசியக் கூட்டுறவு ஆணையத்தின் முன்பயிற்சி, தொடக்கக் கூட்டம், துணை விதிகள், தொழில் தாக்குப்பிடிக்கும் என்று காட்டும் திட்ட அறிக்கை, இவை எல்லாம் வேண்டும். துணை விதியில் உறுப்பினர் எந்தப் பகுதியினர் என்று எழுதும்போது மூன்று மாவட்டங்களையும் பெயர் சொல்லிச் சேருங்கள். மறந்தால் அக்கரைக்காரர் சேர முடியாமல், திருத்தத்துக்காக மறுபடி பொதுக்கூட்டம் போட வேண்டிவரும்.

அந்த ஆறு மாதத்தில் அரிசி மாவு, உளுந்து, எண்ணெய் மூன்றையும் சேர்ந்து வாங்கிப் பழகுங்கள். முதலில் பணம், பிறகு மூட்டை. ‘அக்கா, அடுத்த வாரம் தருகிறேன்’ என்று தொடங்கும் கடன்தான் சின்னக் கூட்டுகளை உடைக்கிறது. ஆறு மாதமும் கணக்கு நோட்டு சுத்தமாக இருந்தால் சங்கமும் நிற்கும். சங்கத்தில் பங்கு எவ்வளவு போட்டாலும் ஒருவருக்கு ஓர் ஓட்டுதான் என்பதையும் பதியுமுன் எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள்.

நம் மக்களுக்கு இது புதிதல்ல. 1960இல், மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம், தோட்டத் தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிய பணத்தில் தோட்டங்களை வாங்கியது. தோட்டங்கள் துண்டுபோட்டு விற்கப்பட்டு, வேலையும் வீடும் பறிபோகும் என்று அஞ்சியவர்களின் பணம் அது.

கேள்வி: என் வேனில் மற்றவர்கள் சரக்கையும் ஏற்றி, வாடகை வாங்கிக்கொள்ளலாமா?

பதில்: சொந்தச் சரக்குக்கு ‘சி’ வகை உரிமம், பிறர் சரக்கை வாடகைக்கு ஏற்ற ‘ஏ’ வகை. இரண்டையும் கலக்காதீர்கள். கூட்டு வணிகமே சரக்கை விலைக்கு வாங்கி, அதன் பெயரிலுள்ள வண்டியில் ஏற்றினால் அது சொந்தச் சரக்காகிவிடும்.

கேள்வி: தீபாவளிக்கு முந்திய கடைசி சனிக்கிழமையில் மூன்று ஊரிலும் சந்தை போடுகிறார்கள். எங்கும் கூட்டம் பாதிதான்.

பதில்: மூன்று ஊர்ச் சங்கத்தாரும் உட்கார்ந்து வாரத்துக்கு ஓர் ஊர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். கூடாரம், ஜெனரேட்டர், ஒலிபெருக்கி ஒரே ஆளிடம் மூன்று வாரத்துக்குப் பேசினால் விலை இறங்கும். தற்காலிக உரிமம் மட்டும் ஒவ்வொரு மன்றத்திலும் தனித்தனி. கடைசி வாரம் யாருக்கு என்பதில்தான் சண்டை வரும், அதை ஆண்டுக்கு ஓர் ஊர் என்று சுழற்றி, எழுதி, மூவரும் கையெழுத்துப் போடுங்கள். பினாங்கின் பத்து காவான் பகுதித் தொழிற்சாலைகளில் வேலை செய்பவர்கள் மூன்று ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சம்பளம் எந்தத் தேதியில் விழுகிறது என்று கேட்டுக்கொண்டு, முதல் சந்தைக்கு நாள் குறியுங்கள்.