‘பைய’ என்பது கொச்சையா?

கேள்வி: சென்னையில் வளர்ந்து திருநெல்வேலிக்கு வாழ்க்கைப்பட்டவள் நான். என் மாமியார் நடக்கும்போது ‘பைய வா’ என்கிறார். பிள்ளை உறங்கும்போது ‘பையப் பேசு’ என்கிறார். பரணிலிருந்து ஊறுகாய் ஜாடியை இறக்கினால் ‘பைய, பைய’ என்கிறார். இது ‘மெதுவாக’ என்பதன் கொச்சை வடிவமா? ஒரு சொல்லுக்கு ஏன் இத்தனை பொருள்?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: கொச்சை அன்று, சென்னைப் பேச்சில் வழக்கிழந்து, தென்மாவட்டங்களில் உயிரோடிருக்கும் பழஞ்சொல். சங்கப் பாடல்களில் இது ‘பைபய’ என்று இரட்டித்தும் வருகிறது. தான் பார்த்தபோது தலைவி சிரித்த விதத்தை 1098ஆம் குறளில் தலைவன் ‘பசையினள் பைய நகும்’ என்கிறான். நிதானமாகச் சிரித்தாள் என்று இதற்குப் பொருள் சொன்னால் குறள் கெட்டுவிடும். ஓசைப்படாமல், தனக்குள்ளே சிரித்தாள் என்பதே கருத்து. ‘பையப் பேசு’ என்னும் உங்கள் மாமியார் உரையாசிரியர்களின் துணையில்லாமலே இந்தக் குறளுக்குப் பொருள் சொல்லிவிடுவார்.

பைங்கூழ், பைங்கிளி என்பவற்றில் உள்ள ‘பை’ பசுமையையும் இளமையையும் குறிப்பது. இளையது மென்மையானது, ஆகவே மென்மையே ‘பைய’ என்பதன் முதற்பொருள், வேகக் குறைவு அதிலிருந்து கிளைத்தது என்று கொள்வதே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. ‘மெல்ல’, ‘மெதுவாக’ என்பனவும் இதே வழியில் வந்தவைதாம். மெதுவடை என்பதை நிதானமாகச் சுட்ட வடை என்று யாரும் எண்ணுவதில்லையே!

இந்த இரு பொருளும் ஒன்றாகக் கலந்து நிற்கும் இடம் தேவாரத்தில் இருக்கிறது. மதுரையில் தாம் தங்கிய மடத்தில் தீ மூட்டப்பட்டபோது, அந்தச் சுடர் ‘பையவே சென்று பாண்டியற் காகவே’ என்று சம்பந்தர் பாடினார். மன்னனை வெப்புநோய் பற்றியது. ஏன் ‘பையவே’ என்றார் என்பதற்குச் சேக்கிழார் தனியொரு பாட்டிலேயே காரணங்களை அடுக்குகிறார்: அரசியின் மங்கலநாண் காக்கப்பட வேண்டும், அமைச்சர் குலச்சிறையாரின் அன்பை மதிக்க வேண்டும், மன்னன் மீண்டும் சைவத்துக்குத் திரும்பவும் வேண்டும். தீ சேர வேண்டும், ஆனால் கொல்லக் கூடாது என்ற அளவை அந்த ஒரு சொல் வைத்துவிடுகிறது.

மலையாளத்தில் இது ‘பய்யெ’ என்று ஒலிக்கிறது. ‘பய்யெத் தின்னால் பனயும் தின்னாம்’ என்பது அவர்கள் பழமொழி. அங்கே நிதானம் என்ற பொருளே ஓங்கி நிற்கிறது. யாழ்ப்பாணத்தார் இதே இடத்தில் ‘ஆறுதலாக வாருங்கோ’ என்பார்கள், அது வேறு வேர். நெல்லைப் பக்கத்திலோ பொருள் இன்னும் விரிந்து, ‘வேலையைப் போட்டுட்டுப் பைய நழுவிட்டான்’ என்னும்போது பிறர் அறியாமல் என்றும், ஊறுகாய் ஜாடியின் விஷயத்தில் கவனமாக என்றும் ஆகிறது.

உங்கள் மாமியார் வாசல்வரை வந்து ‘பையப் போயிட்டு வா’ என்றால், பேருந்தைத் தவறவிடும் அளவுக்கு நிதானமாக நடக்கச் சொல்கிறார் என்று கொள்ள வேண்டாம். பத்திரமாகப் போய் வரச் சொல்கிறார்.