தொட்டால் சுள்ளென்கிறதா? வீட்டுக் கணினி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கணினியின் இரும்புக் கேஸில் கை பட்டால் சுள்ளென்கிறது. செருப்புப் போட்டிருந்தால் தெரியவில்லை. தரையைக் கழுவிய நாளில் கூடுதலாக இருக்கிறது. கணினி பழுதா? (வாசகி, உப்புவெளி)

பதில்: பெரும்பாலும் கணினியில் பழுதில்லை; எர்த், அதாவது கசியும் மின்சாரத்தை மண்ணுக்குக் கொண்டுபோகும் பாதுகாப்புக் கம்பி, இல்லாததுதான் காரணம். கணினியின் பவர் சப்ளைக்குள் இரண்டு சிறிய கெப்பாசிட்டர்கள் இருக்கின்றன. ஒன்று மின்சாரம் வரும் லைவ் கம்பியையும் மற்றது அது திரும்பும் நியூட்ரல் கம்பியையும் கேஸோடு இணைக்கின்றன. எர்த் சரியாக இருந்தால் கசியும் சிறு மின்சாரம் அதன் வழியே மண்ணுக்குப் போய்விடும். எர்த் அறுந்திருந்தால் நம் 230 வோல்ட்டில் பாதி, ஏறக்குறைய 115 வோல்ட், கேஸிலேயே நிற்கும். மின்னோட்டம் மிகச் சிறிது என்பதால் சுள்ளென்பதோடு விடுகிறது. ஆனால் நாளை பவர் சப்ளைக்குள் லைவ் கம்பி கேஸில் முட்டினால், அதே இடத்தில் முழு 230 வோல்ட் இருக்கும். ஆகவே இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

முதலில் பிளக்கைப் பாருங்கள். 13 ஆம்பியர் பொயின்ட்டின் மேல் ஓட்டைக்குள் பேனா மூடியைத் திணித்து, இரண்டு பின் பிளக்கைச் செருகும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. அந்த மேல் ஓட்டைதான் எர்த். மூன்று பின் வயரை இரண்டு பின்னாக்கும் சிறு அடாப்டரும் அப்படியே: எர்த் அங்கேயே அறுந்துவிடுகிறது. அத்தோடு உள்ளிருக்கும் பித்தளைத் தகடுகள் தளர்ந்து சூடேறும். பிளக்கைச் சுற்றிப் பிளாஸ்டிக் பழுப்பாக மாறியிருந்தால் அந்தப் பொயின்ட்டை உடனே மாற்றுங்கள்.

பிளக் சரியாக இருந்தும் சுள்ளென்றால் மின் வேலை தெரிந்தவரை அழைத்து மீட்டரால் அளக்கச் சொல்லுங்கள். லைவுக்கும் எர்த்துக்கும் இடையில் 230 அளவிலும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையில் ஓரிரு வோல்ட்டும் காட்ட வேண்டும். கடற்கரைப் பக்க வளவுகளில் எர்த் கம்பியைப் பிடித்திருக்கும் கிளாம்ப் உப்பில் பச்சை பிடித்து அறுந்துபோவது வழக்கம். மணல் நிலம் கச்சான் காலத்தில் காய்ந்துவிட்டால் எர்த் இன்னும் பலவீனமாகும். பொயின்ட்டுக்குள் எர்த்தையும் நியூட்ரலையும் ஒரு துண்டு வயரால் முடிந்துவிடுவதாக யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். நியூட்ரல் எங்காவது அறுந்தால் கேஸ் முழுவதும் லைவாகிவிடும். மின்சாரம் கசிந்தால் தானே விழுந்து கரண்டை நிறுத்தும் ட்ரிப் சுவிட்சின் டெஸ்ட் பொத்தானையும் மாதம் ஒரு தடவை அழுத்திப் பாருங்கள். விழாவிட்டால் மாற்ற வேண்டும்.

கேள்வி: மாரி தொடங்கும்போது மின்னல் பயமாக இருக்கிறது. 650 விஏ யூபிஎஸ் வாங்கினால் போதுமா? (வாசகர், பாலையூற்று)

பதில்: யூபிஎஸ் கரண்ட் போகும்போது உதவும், இடிமின்னலுக்கு உதவாது. இடி கேட்கத் தொடங்கும்போதே சுவர்ப் பிளக்கைக் கழற்றுங்கள். சுவிட்சை நிறுத்துவது போதாது. ரவுட்டரையும் மறக்க வேண்டாம். செம்புத் தொலைபேசிக் கம்பியில் இணையம் வருகிறதென்றால் அந்தக் கம்பி வழியேயும் மின்னல் ஏறும், லேன் வயர் வழியே கணினிக்குள்ளும் வரும். ஃபைபர் கண்ணாடி இழை, அது மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் ரவுட்டரின் அடாப்டர் சுவரில்தானே இருக்கிறது. தலைக்கு மேலே மின்னத் தொடங்கிவிட்டால், கழற்றுவதற்காகக்கூட எந்த வயரையும் தொடாதீர்கள்.

650 விஏ என்றால் 650 வாட் அல்ல, 360 முதல் 390 வாட் அளவுதான். ஒரு சாதாரண டெஸ்க்டொப்பும் திரையும் அதில் பத்து நிமிடம் அளவில் ஓடும். அது வேலையைச் சேமித்து ஒழுங்காக நிறுத்துவதற்கான நேரம், படம் பார்ப்பதற்கானதல்ல. லேசர் பிரின்டரையும் மின்விசிறியையும் அதில் கொழுவ வேண்டாம். உள்ளிருக்கும் 12 வோல்ட் பற்றரி இரண்டு மூன்று வருடத்தில் சோர்ந்துவிடும். முழு யூபிஎஸ்ஸை எறியாமல் பற்றரியை மட்டும் மாற்றலாம்.

கேள்வி: கடலுக்குப் பக்கத்தில் வீடு. மூன்று மாதம் பொலித்தீனால் மூடி வைத்த கணினி இப்போது பீப் என்று கத்துகிறது, திரை வரவில்லை. (வாசகர், நிலாவெளி)

பதில்: அந்தப் பொலித்தீன்தான் சந்தேகத்துக்குரியது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால், கடல்காற்றில் வந்து படிந்த உப்புத் தூள் தானே தண்ணீரை இழுத்துக் கரையும். மூடிய உறைக்குள் அந்த ஈரம் வெளியேறாது. தினமும் ஓடும் கணினி தன் சூட்டிலேயே காய்ந்துகொள்ளும்; சும்மா கிடப்பதைத்தான் உப்பு அரிக்கிறது. பருத்தித் துணியால் மூடுங்கள், வாரம் இரண்டு தடவை ஒரு மணி நேரம் ஓட விடுங்கள்.

பீப் சத்தத்துக்குப் பெரும்பாலும் ரேம் எனும் நினைவகப் பலகைதான் காரணம். பிளக்கைக் கழற்றி, பவர் பொத்தானைப் பத்து விநாடி அழுத்திய பிறகு கேஸைத் திறந்து, ரேமின் இருபக்கக் கொக்கிகளை விலக்கி எடுங்கள். பொன் நிற விளிம்பில் மங்கலான படலம் தெரியும். 99 சதவீத ஐசோப்ரோப்பைல் அல்ககோலை நூல் உதிராத துணியில் தொட்டு ஒரே திசையில் துடைத்து, காய்ந்ததும் இரண்டு கொக்கியும் டிக்கென்று பூட்டும்வரை அழுத்துங்கள். மருந்துக்கடை சர்ஜிக்கல் ஸ்பிரிட் வேண்டாம், அதில் எண்ணெய் கலந்திருக்கலாம். கேஸுக்குள் தூசும் ஊதுவதானால், விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சாப்பாட்டு மேசையில் லப்டொப் வைத்துப் படிக்கும் மகளுக்குக் கழுத்து நோகிறது. (தாய், உவர்மலை)

பதில்: லப்டொப்பைப் புத்தகங்களின் மேல் உயர்த்தித் திரையின் மேல் விளிம்பைக் கண் மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். தனியாக ஒரு கீபோர்டும் மவுஸும் வாங்கிக் கொடுங்கள். அது இல்லாமல் உயர்த்தினால் கழுத்து நோவு தோளுக்கு மாறும். சாப்பாட்டு மேசை தட்டச்சுக்கு உயரம். கதிரையில் தலையணை போட்டு, காலுக்குக் கீழே பலகையோ அரிசிப் பெட்டியோ வையுங்கள். திரை யன்னலுக்கு எதிரே இல்லாமல் பக்கவாட்டில் இருக்கட்டும்.

கேள்வி: திரையின் மூலையில் ‘உங்கள் கணினியில் ஐந்து வைரஸ்’ என்று அடிக்கடி வருகிறது. (வாசகர், கிண்ணியா)

பதில்: அது வைரஸ் அல்ல. அறிவிப்பு அனுப்பலாமா என்று ஏதோ ஒரு தளம் கேட்டபோது ‘அனுமதி’ அழுத்தியிருக்கிறீர்கள். குரோமில் செட்டிங்ஸ், பிரைவசி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போய், அனுமதி பெற்றவற்றில் தெரியாத பெயர்களை நீக்குங்கள். திரை முழுவதையும் அடைத்துத் தொலைபேசி எண் காட்டினால், அந்த எண்ணுக்கு அழைக்காமல் கொன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, வரும் டாஸ்க் மேனேஜர் பட்டியலில் பிரவுசரைத் தெரிந்து ‘எண்ட் டாஸ்க்’ கொடுத்து மூடுங்கள். மீண்டும் திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்கவா என்று கேட்டால், வேண்டாம் என்று கொடுங்கள்.